ப-ப-கோ மட்டும் ஏன் செல்லாது?

கேள்வி இது: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்த ஒருவர், இரண்டு முக்கோணங்கள் சர்வசமமா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது எனக் கேட்டிருக்கிறார். ஒரு முக்கோணத்தில் மூன்று பக்கம் (ப), மூன்று கோணம் (கோ) என ஆறு அளவுகள் இருக்கும்போது மூன்றை மட்டும் பார்த்தால் எப்படிப் போதும்? ப-ப-ப சரி, ப-கோ-ப சரி, ஆனால் ப-ப-கோ என்று எழுதினால் ஏன் அடித்துவிடுகிறார்கள்? "விதி எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாள், எதை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை" என்று கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் உண்மையான சிக்கல். பல வருடமாக மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடத்தில் நாம் விதியை முதலில் கையில் கொடுத்துவிடுகிறோம், அந்த விதி எந்தக் கேள்விக்குப் பதில் என்று சொல்வதே இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று: கொடுத்த அளவுகளை வைத்து இரண்டு வேறு வேறு முக்கோணம் வரைய முடியுமா? எவ்வளவு முயன்றாலும் ஒரே முக்கோணம்தான் வருகிறது என்றால், அதே அளவுகள் கொண்ட எந்த இரண்டு முக்கோணமும் சர்வசமமாக இருந்தே ஆகவேண்டும். இரண்டு விதமாக வரைய முடிந்தால் அந்த அளவுகள் போதவில்லை. ப-ப-ப, ப-கோ-ப எல்லாம் இந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டணிக்கும் கேட்டுப் பார்த்துப் பெற்ற முடிவுகள்தான். அதனால் மகளிடம் நோட்டை மூடச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள், ஸ்கேல், கவராயம், கோணமானி போதும்.

முதலில் சர்வசமம் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஒரு முக்கோணத்தைக் கத்தரித்து எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் ஓரம் பிசகாமல் பொருந்த வேண்டும். நகர்த்தலாம், சுழற்றலாம், தாளைக் குப்புறத் திருப்பியும் வைக்கலாம். திருப்பலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பமும் சர்வசமம்தான். (இலங்கைப் பாடநூல்களில் இதையே முக்கோணிகளின் ஒருங்கிசைவு என்பார்கள், செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கமான கர்ணத்தைச் செம்பக்கம் என்பார்கள். சொல்தான் வேறு, கணக்கு ஒன்றுதான்.)

பரப்பளவு ஒன்றாக இருந்தால் போதுமா என்று வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். போதாது. சுற்றளவும் சேர்ந்து ஒன்றாக இருந்தால்? அப்போதும் போதாது. 17, 25, 28 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தையும் 20, 21, 29 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சுற்றளவு 70. இரண்டாவது செங்கோண முக்கோணம், அதனால் அதன் பரப்பு 20 × 21-இல் பாதி, 210. முதலாவதற்கு, மூன்று பக்கங்களை வைத்தே பரப்பைச் சொல்லும் ஹெரான் சூத்திரம் போட்டுப் பாருங்கள், அதற்கும் 210 வரும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் எப்படிச் சுற்றினாலும் பொருந்தாது.

சரி, வரைய ஆரம்பிக்கலாம். 7, 6, 5 செ.மீ. பக்கங்களைக் கொடுத்தால்? 7 செ.மீ. கோடு ஒன்று கீழே. இடது முனையில் கவராய முள்ளைக் குத்தி 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வில், வலது முனையில் குத்தி 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வில். இரண்டு வில்லும் கோட்டுக்கு மேலே ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளும். வில்லை முழு வட்டமாக இழுத்தால் கீழேயும் ஒரு இடத்தில் வெட்டும். இங்கே சற்று நிற்க வேண்டும். அப்படியானால் இரண்டு முக்கோணம் வந்துவிட்டதே? தாளை அந்த 7 செ.மீ. கோட்டின் வழியே மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே உள்ளது மேலே உள்ளதன் மேல் அப்படியே உட்காரும். பிம்பம்தான், வேறு முக்கோணம் இல்லை. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் முடிவாகிவிட்டது. அதுதான் ப-ப-ப.

இதைக் கையால் உணர இன்னொரு வழி உண்டு. சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தீக்குச்சிகளை அவற்றில் செருகி ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்யச் சொல்லுங்கள். சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்சதுரமாகச் சரியும். முக்கோணத்தை எப்படி அழுத்தினாலும் அசையாது. நான்கு பக்க நீளம் தெரிந்தும் நாற்கரத்தின் வடிவம் முடிவாவதில்லை, மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் முடிவாகிவிடுகிறது. எங்கள் வீட்டு ஜன்னல் ஃபிரேமை வெல்டிங் செய்தவர் நான்கு பக்கத்தையும் அச்சுப் பிசகாமல் அளந்திருந்தார், குறுக்கே டேப் பிடிக்க மறந்துவிட்டார். சுவரில் பொருத்தும்போது ஒரு மூலை ஒரு விரற்கடை வெளியே நின்றது. மூலைவிட்டத்தை அளந்திருந்தால் நாற்கரம் இரண்டு முக்கோணமாகப் பிரிந்திருக்கும், ப-ப-ப அதைப் பிடித்திருக்கும்.

கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்ப்பதும் இதே விதிதான். நூல் கட்டி ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே சரியாக 5 அடி வருகிறதா என்று டேப் பிடிப்பார். வந்தால் மூலை செங்கோணம். கேட்டால் பிதாகரஸ் என்பார்கள். ஆனால் பிதாகரஸ் தேற்றம் சொல்வது செங்கோணம் இருந்தால் இந்தக் கணக்கு (3² + 4² = 5²) வரும் என்பதை மட்டும். கணக்கு வந்தால் செங்கோணம் இருக்கும் என்பது அதன் மறுதலை. அதற்குப் பழைய கிரேக்க வடிவியல் ஆசிரியர் யூக்ளிட் தரும் நிரூபணம் அழகானது: தனியே ஒரு செங்கோணம் வரைந்து அதன் கைகளில் 3, 4 குறித்துக்கொள். அதன் கர்ணம் பிதாகரஸ்படி 5. இப்போது கொத்தனாரின் முக்கோணத்துக்கும் இதற்கும் மூன்று பக்கமும் சமம், ஆகவே சர்வசமம், ஆகவே அங்கேயும் செங்கோணம். கொத்தனாரின் டேப்புக்குப் பின்னால் நிற்பது ப-ப-ப.

ப-கோ-ப பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அலகின் நீளம் மாறாது. எவ்வளவு விரித்திருக்கிறோம் என்பதும் தெரிந்துவிட்டால் இரண்டு நுனிக்கும் இடையே உள்ள தூரம் தானாக முடிவாகிவிடும். மூன்றாவது பக்கத்துக்குச் சுதந்திரமே கிடையாது. ஒரே நிபந்தனை, கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். "கோ" என்ற எழுத்து நடுவில் நிற்பது சும்மா இல்லை, கோணம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

கோ-ப-கோ இன்னும் எளிது. ஒரு கோடு, அதன் இரண்டு முனையிலும் சொன்ன கோணத்தில் இரண்டு கோடுகள். அவை ஒரே இடத்தில்தான் சந்திக்க முடியும். பக்கம் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால், அதாவது கோ-கோ-ப என்றால்? கோணங்களின் கூடுதல் 180° என்பதால் இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதும் தெரியும். அதை எழுதிக்கொண்டால் மறுபடி கோ-ப-கோ ஆகிவிடும். சில புத்தகங்கள் இதைத் தனி விதியாகச் சொல்லும், சில சொல்லாது. எப்படி எழுதினாலும் தவறில்லை, மூன்றாவது கோணம் ஏன் சமம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒன்று மட்டும் கவனம்: இரண்டு முக்கோணத்திலும் அந்தப் பக்கம் ஒரே கோணத்துக்கு எதிரே இருக்க வேண்டும்.

இந்த விதிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், கடலில் நிற்கும் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழைய கிரேக்க அறிஞர் தேல்ஸ் கையாண்ட முறைக்கு இந்தத் தேற்றம் தேவைப்பட்டது என்று, தனக்கு முன்பே வடிவியலின் வரலாறு எழுதிய யூடெமஸ் சொன்னதாகக் குறித்திருக்கிறார். தேல்ஸ் கரையில் என்ன செய்தாரோ, நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் இப்படிச் செய்யலாம். அக்கரையில் நேர் எதிரே ஒரு மரத்தைப் பார்த்து நில்லுங்கள். அங்கிருந்து கரையோரமாக 20 தப்படி நடந்து ஒரு குச்சி நடுங்கள். அதே திசையில் இன்னும் 20 தப்படி. இப்போது ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரைக்குச் செங்குத்தாக நடந்துகொண்டே போங்கள், அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். நட்ட குச்சியும் அக்கரை மரமும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் நின்றுவிடுங்கள். திரும்பி நடந்த தூரம்தான் ஆற்றின் அகலம். குச்சியடியில் இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள், இரண்டு பக்கமும் 20 தப்படி, இரண்டு ஓரத்திலும் செங்கோணம். கோ-ப-கோ. தண்ணீரில் கால் வைக்காமல் ஆற்றை அளந்தாயிற்று.

இப்போது ப-ப-கோ. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் "அது செல்லாது" என்று சொல்லிவிட்டுப் போகும் வகுப்பில் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. வரையுங்கள். தாளின் அடியில் நீளமாக ஒரு கோடு, இடது முனை க. அங்கே 30° கோணத்தில் மேல்நோக்கி இன்னொரு கோடு, அதில் 10 செ.மீ. தூரத்தில் ச. ஆக ∠க = 30°, கச = 10. மூன்றாவது தகவல்: ச-விலிருந்து அடிக்கோட்டுக்கு இறங்கும் பக்கம் சத = 6 செ.மீ. த எங்கே இருக்கிறது?

ச-வில் கவராய முள்ளைக் குத்தி 6 செ.மீ. ஆரத்தில் வில் போடுங்கள். அந்த வில் அடிக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும், க-விலிருந்து ஏறக்குறைய 5.3 செ.மீ. தூரத்தில் ஒன்று, ஏறக்குறைய 12 செ.மீ. தூரத்தில் இன்னொன்று. இரண்டு இடத்தையும் ச-வுடன் சேருங்கள். ஒன்று ஒல்லியாக, த-வில் விரிகோணத்தோடு நிற்கும் முக்கோணம். மற்றது அகலமாக, த-வில் குறுங்கோணத்தோடு. கோணமானியை வைத்தால் ஏறக்குறைய 123.6°, 56.4°. இரண்டிலும் 10 செ.மீ. பக்கம் இருக்கிறது, 6 செ.மீ. பக்கம் இருக்கிறது, 30° கோணம் இருக்கிறது. சொன்ன மூன்றும் சரியாக இருக்க, முக்கோணம் மட்டும் இரண்டு. மடித்துப் பார்த்தாலும் பொருந்தாது. விதி ஏன் செல்லாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதில் இன்னும் விஷயம் இருக்கிறது. ச-விலிருந்து அடிக்கோட்டுக்கு நேர் செங்குத்துத் தூரம் 5 செ.மீ. (10-இல் பாதி, sin என்று மேல்வகுப்பில் வருவதற்கு முன்பே ஸ்கேலால் அளந்து பார்க்கலாம். அளந்து பார்ப்பதில் ஒரு கேவலமும் இல்லை.) இப்போது கவராயத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள். 4 செ.மீ. வைத்தால் வில் கோட்டைத் தொடவே தொடாது, முக்கோணமே இல்லை. சரியாக 5 வைத்தால் தொட்டுக்கொண்டு நிற்கும், ஒரே முக்கோணம். 5-க்கும் 10-க்கும் இடையில் எதை வைத்தாலும் இரண்டு. 10 வைத்ததும் இடது வெட்டு க-வின் மேலேயே விழுந்து காணாமல் போகும். 10-ஐத் தாண்டினால் அது க-வுக்குப் பின்னால் போய்விடும், அங்கே கோணம் 30° இல்லை, 150°. ஆக 10 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி ஒரே முக்கோணம்.

எனவே "ப-ப-கோ ஒருபோதும் செல்லாது" என்பது அவ்வளவு சரியான பேச்சு இல்லை. கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் மற்றப் பக்கத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அது செல்லும். கொடுத்த கோணம் விரிகோணம் என்றாலும் செல்லும், விரிகோணத்துக்கு எதிர்ப்பக்கம்தான் முக்கோணத்திலேயே பெரியது என்பதால் அந்த நிபந்தனை தானாகவே பூர்த்தியாகிவிடும். ஆனால் தேர்வுத்தாளில் இதை விதியாக எழுதாதீர்கள். திருத்துபவருக்குப் பொறுமை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்தக் கோணம் சரியாக 90° ஆனால் என்ன ஆகும்? க-வில் செங்குத்தாகக் கோடு நிற்கும், அதன் மேல் ச. ச-விலிருந்து வில் போட்டால் க-வுக்கு இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு, இரண்டும் சம தூரத்தில். இங்கேயும் இரண்டு முக்கோணம் வருகிறது, ஆனால் ஒன்று மற்றதன் பிம்பம். மடித்தால் பொருந்தும். அதனால் இந்த ஒரு சந்தர்ப்பத்துக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்து, செங்கோணம்-கர்ணம்-பக்கம் என்று தனிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். செ-க-ப எங்கிருந்தோ குதித்த ஐந்தாவது விதி இல்லை, சாதுவாகிவிட்ட ப-ப-கோ. எழுதும்போது எது செங்கோணம், எது கர்ணம் என்று இரண்டையும் சொல்லிவிட வேண்டும். கர்ணம் என்று சொல்லாமல் இரண்டு பக்கம் என்று மட்டும் எழுதிய விடையைப் பாதி மதிப்பெண்ணோடு பார்த்திருக்கிறேன்.

கோ-கோ-கோ பற்றி ஒரு வார்த்தை. ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 60° மூலைமட்டமும், ஆசிரியர் கரும்பலகைக்கு வைத்திருக்கும் பெரிய மர மூலைமட்டமும் கோணத்தில் ஒன்றுதான். ஒன்று பைக்குள் போகும், ஒன்று போகாது. வடிவொத்தவை, சர்வசமம் இல்லை. அதோடு விட்டுவிடலாம்.

ஆனால் இதிலிருந்து பிறக்கும் ஒரு கேள்வியைச் சுட்டியான பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்: ஆறு அளவுகளில் ஐந்து சமமாக இருந்தும் சர்வசமமாக இல்லாத இரண்டு முக்கோணம் உண்டா? இருக்கவே முடியாது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். 8, 12, 18 ஒரு முக்கோணம். 12, 18, 27 இன்னொன்று. முதலாவதை ஒன்றரை மடங்காக்கினால் இரண்டாவது கிடைக்கும், ஆகவே மூன்று கோணங்களும் சமம். 12-உம் 18-உம் இரண்டிலும் இருக்கின்றன, ஆகவே இரண்டு பக்கங்களும் சமம். ஐந்து ஆயிற்று. ஆனாலும் ஒன்று சிறியது, ஒன்று பெரியது. எங்கே இடறினோம்? முதலாவதில் 12 என்பது நடுத்தரப் பக்கம், இரண்டாவதில் அது குட்டிப் பக்கம். 12-க்கு எதிரே உள்ள கோணம் இரண்டு முக்கோணத்திலும் வேறு. ஜோடி மாறிப்போயிற்று.

இந்த ஜோடி விஷயம்தான் உங்கள் மகளின் "எதை எங்கே போடுவது" என்பதற்கும் பதில். எழுத்துகளின் வரிசையைச் சும்மா எழுதக்கூடாது. முக்கோணம் கசத ≅ முக்கோணம் பமர என்று எழுதினால், க போய் ப-வின் மேல் உட்கார்கிறது, ச போய் ம-வின் மேல், த போய் ர-வின் மேல் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. கசத ≅ மபர என்று எழுதினால் அது வேறொரு வாக்கு, பெரும்பாலும் பொய் வாக்கு. வரிசை சரியாக இருந்தால் அதன் பிறகு படத்தையே பார்க்க வேண்டாம். முதல் இரண்டு எழுத்து முதல் இரண்டு எழுத்துக்குச் சமம், கச = பம. கடைசி இரண்டு, சத = மர. ∠த = ∠ர. எழுத்துகளே விடையைச் சொல்லும்.

புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்துக் கேட்டால் வேலை இன்னும் சுத்தம். க(1, 1), ச(5, 2), த(3, 6) ஒரு முக்கோணம். ப(0, 0), ம(2, 4), ர(−2, 5) இன்னொன்று. ஒவ்வொரு பக்கத்தின் வர்க்கத்தை மட்டும் கண்டுபிடியுங்கள், வர்க்கமூலம் எடுக்க வேண்டாம். எடுத்தால் தசமப் புள்ளிக்குப் பின்னால் வெட்டி ஒட்டி, சமமானதைச் சமமில்லை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. கச-வின் வர்க்கம் 16 + 1 = 17. சத-வின் வர்க்கம் 4 + 16 = 20. கத-வின் வர்க்கம் 4 + 25 = 29. அந்தப் பக்கம், பம 20, மர 17, பர 29. மூன்று எண்ணும் அதே மூன்று எண், ப-ப-ப, சர்வசமம்.

எந்த வரிசையில்? 17-உம் 20-உம் சந்திக்கும் முனை இங்கே ச, அங்கே ம. 17-உம் 29-உம் சந்திக்கும் முனை இங்கே க, அங்கே ர. மிச்சம் த-வுக்கு ப. ஆகவே கசத ≅ ரமப. வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை: க, ச, த என்று போனால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறோம், ர, ம, ப என்று போனால் கடிகாரத் திசையில். அதாவது தாளைக் குப்புறத் திருப்பினால்தான் ஒன்று மற்றதன் மேல் உட்காரும். சுழற்றி மட்டும் பார்த்துவிட்டுப் பொருந்தவில்லை என்று சொன்னவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள்.

படம் கொடுத்துக் கேட்கும் கணக்குகளில் மூன்று தகவலும் வெளிப்படையாக இருக்காது. இரண்டைச் சொல்லிவிட்டு ஒன்றைப் படத்துக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். ஒளித்து வைக்கும் இடங்களும் கொஞ்சம்தான். இரண்டு முக்கோணம் ஒட்டிக்கொண்டிருந்தால் பொதுப் பக்கம். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் குத்தெதிர்க் கோணங்கள். இணைகோடு என்று ஒரு சொல் வந்துவிட்டால் ஒன்றுவிட்ட கோணங்கள். உதாரணத்துக்குப் பட்டம்: கசதப என்ற நாற்கரத்தில் கச = கப, தச = தப. மூலைவிட்டம் கத, ∠க-வை இரண்டு சம பாகமாக்குகிறது என்று காட்டு. கொடுத்தது இரண்டு, ஒளிந்திருப்பது பொதுப் பக்கம் கத. கசத ≅ கபத, ப-ப-ப. ஆகவே ∠சகத = ∠பகத. மூன்று வரியில் முடிந்தது. சமமான பக்கங்களில் ஒரே மாதிரி கோடு கிழித்து, சமமான கோணங்களில் ஒரே மாதிரி வளைவு போட்டுக்கொண்டே வந்தால் எது பாக்கி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் குறி போடுவதற்குக் கேள்வியில் ஆதாரம் இருக்க வேண்டும். படத்தில் பார்த்தால் சமம் மாதிரி இருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது, அச்சிட்டவர் சாய்த்துப் போட்டிருக்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒரு நாள் கேட்டே தீரும்: வரைந்து பார்த்தோம், சரி, இதற்கெல்லாம் நிரூபணம் எங்கே? கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் ப-கோ-ப-வை 4-ஆம் தேற்றமாகவும், ப-ப-ப-வை 8-ஆவதாகவும், கோ-ப-கோ, கோ-கோ-ப இரண்டையும் சேர்த்து 26-ஆவதாகவும் வைத்தார். 4-ஆவதை அவர் நிரூபித்த விதம், ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைப்பது. தூக்கி வைக்கலாம் என்று யார் அனுமதி கொடுத்தது? அவர் முதலில் எழுதிக்கொண்ட அடிப்படைக் கூற்றுகளில் அப்படி ஒன்றும் இல்லை. 1557-இல் தன் யூக்ளிட் பதிப்பில் பிரெஞ்சுக்காரர் ழாக் பெலத்தியே இதைக் குறையாகச் சொன்னார். கடைசியில் 1899-இல் ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பர்ட் வடிவியலுக்கு அடித்தளம் மறுபடி போட்டபோது, ப-கோ-ப-வின் சாரத்தையே நிரூபணம் கேட்காத அடிப்படைக் கூற்றாக வைத்துக்கொண்டு மற்ற விதிகளை அதிலிருந்து வருவித்தார். ஆகவே மகள் "ப-கோ-ப ஏன் உண்மை?" என்று கேட்டு நீங்கள் திணறினால் வெட்கப்பட வேண்டியதில்லை, பெரிய இடத்திலேயே அது திணறல்தான்.

அடுத்து ஒரு கணக்கு கொடுத்துவிட்டு விடுகிறேன், எழுத்து வரிசை புரிந்ததா என்று பார்க்க இதைவிட நல்லது எனக்குக் கிடைத்ததில்லை. இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும், கச = கத என்று மட்டும் தெரியும். புத்தகத்தில் நடுவே ஒரு கோடு இறக்குவார்கள். நான்காம் நூற்றாண்டில் கிரேக்கக் கணித அறிஞர் பாப்பஸ் கொடுத்ததாகப் புரோக்ளஸ் சொல்லும் வழியில் கோடே கிடையாது. முக்கோணம் கசத-வை அதன் சொந்தப் பிம்பமான கதச-வோடு ஒப்பிடுகிறார். கச = கத. ∠க = ∠க. கத = கச. ப-கோ-ப, ஆகவே கசத ≅ கதச. இப்போது எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, இரண்டாவது எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: ச-வுக்கு நேரே த. ∠ச = ∠த.